ஆமத்தூர் ரோட்டு வெளிச்சம்

திருத்தங்கல் பள்ளிக்கூடத்து யோபு வாத்தியாருக்குப் பிள்ளைகள் ஐந்து பேர். நான்கு பேர் அப்பாவைப் பார்த்து வாத்தியார் வேலைக்கே போனார்கள். இரண்டாவது மகள் ஞானபூரணிக்கு மட்டும் அது சரிப்படவில்லை. பத்துப் பேர் கூடி நின்றாலே அவளுக்குக் குரல் எழும்பாது. கோயிலில் வேதபாடம் வாசிக்க எழுப்பிவிட்டால் முதல் வரிசைக்கே கேட்காது. ஆனால் பார்வை இருக்கிறதே, அது அப்படி ஒரு பார்வை. வீட்டு ஆடு இரையெடுக்காமல் நிற்பதை மற்றவர்கள் சாயங்காலம் கண்டுகொண்டால் அவள் காலையிலேயே கண்டிருப்பாள். இவள் வாயைத் திறந்து பிழைக்கமாட்டாள், கண்ணைத் திறந்து பிழைப்பாள் என்று யோபு வாத்தியார் அவளை மதுரைக்கு நர்ஸ் படிப்புக்கு அனுப்பி வைத்தார்.

படிப்பு முடிந்து, விருதுநகருக்கு வெளியே இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் அவள் சேர்ந்தபோது யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று வந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தால் நின்றுபோனது. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களிலும் பட்டாசுக் கம்பெனிகளிலும் வெந்து வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவது அவள் பொறுப்பு. என்ன நடந்தது என்று கேட்டால், தூக்கி வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே வார்த்தைதான் சொல்வார்கள்: ஒரு பொறி. அதை அவள் எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். வார்டில் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்ற வைக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் குச்சியைக் கிழிப்பாள்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆஸ்பத்திரிக்கு ஒரு வேன் வந்தது. சீமையில் செய்தது. உள்ளே ஒரு படுக்கை, பக்கத்தில் பெஞ்சு, மருந்து அலமாரி, கூரையில் வட்டக் கண்ணாடிக்குள் ஒரு பல்பு. கிராமம் கிராமமாகப் போய் ஊசி போடவும், அவசரத்துக்கு ஆளை ஏற்றிவரவும் என்று ஏற்பாடு. அதற்கு ஞானபூரணியைப் போட்டார்கள். ஓட்டுவதற்குச் சீனிச்சாமி வந்தார். விஸ்வநத்தத்துக்காரர். அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் காட்டில் கூலிக்கு இறங்கியவர்கள். அவர் தீப்பெட்டி லோடு அடிக்கிற லாரியில் கிளீனராக ஏறி, பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தவர். ஞானபூரணி அவரை அண்ணே என்பாள். அவர் நர்சம்மா என்பார். ஒரு நாளைக்கு இருவருக்கும் நடுவே பத்து வார்த்தை பேச்சு இருந்தால் அதிகம். அது இருவருக்குமே ஒத்துவந்தது.

இரண்டு வருஷம் வேன் ஒரு குறையும் வைக்கவில்லை. ஐம்பத்தொன்பதில் கோடை முடிகிற சமயம் அதற்குப் புதிதாக வெள்ளை பெயிண்டு அடித்துக் கொண்டுவந்தார்கள். சீக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் கண்டது ஞானபூரணிதான். அதுவும் வேனுக்குள் கண்டதல்ல, ஆஸ்பத்திரி மருந்தறையில் கண்டது. ஊசி மருந்து கலக்குவதற்கான தண்ணீரைக் காய்ச்சி வடித்தெடுப்பது அவள் வேலை. வேன் பேட்டரிக்கும் உப்பில்லாத அந்தத் தண்ணீர்தான் ஊற்றவேண்டும் என்பதால் சீனிச்சாமிக்கு ஒரு பாட்டில் கொடுத்து வைப்பாள். முன்பெல்லாம் அது மாசக்கணக்கில் வரும். இப்போது வாரம் திரும்புவதற்குள் அவர் காலிப் பாட்டிலோடு வந்து நின்றார். பிறகு அதற்கும் முன்னாலேயே வந்தார்.

"என்னண்ணே, பேட்டரிக்கு இம்புட்டுத் தாகம்?"

"அதாம்மா எனக்கும் தெரியல. மூடியத் தொறந்தா உள்ள உலை கொதிக்கிற மாதிரி சத்தம் கேக்கு."

அதே பேட்டரி வேறு சில நாள் காலையில் செத்துக் கிடக்கும். சாவியைத் திருப்பினால் ஒரு முனகலோடு சரி. தோட்டக்காரரும் வார்டு ஆட்களும் வந்து தள்ளினால்தான் வேன் கிளம்பும். ஒரு நாள் பொங்கி வழிவதும் மறுநாள் வற்றிக் கிடப்பதுமாக இருந்தால் அதற்கு என்ன வைத்தியம் பார்ப்பது? சார்ஜ் ஏறுவதைக் காட்ட ஓட்டுகிறவருக்கு எதிரே ஒரு சின்ன மீட்டர் உண்டு. அதன் முள் சில நேரம் ஒரே மூச்சில் கடைசிவரை சாய்ந்து அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது. சில நேரம் அசையவே இல்லை. முன்விளக்கு பல்பு மாற்றி மாற்றிப் போட்டும் நிற்கவில்லை.

விருதுநகரில் மதுரை ரோட்டு ஓரம் மிளகாய் வத்தல் கோடவுன்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கே லட்சுமிகாந்தம் என்பவர் கார், லாரிகளின் டைனமோவும் பேட்டரியும் வயரிங்கும் பார்ப்பார். முப்பது வயசு இருக்கும். வத்தல் நெடியில் தும்மிக்கொண்டேதான் பேசுவார். சீனிச்சாமி வேனை அவரிடம் கொண்டுபோனார். முதலில் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று மாற்றினார். இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் முள் ஒழுங்காக நின்றது. ஆஸ்பத்திரி வந்து சேருவதற்குள் பழைய கதை. அடுத்து டைனமோவைக் கழற்றிக் கார்பன் பிரஷ் புதிதாகப் போட்டார். கொட்டகையில் நல்ல பிள்ளை, ரோட்டில் இறங்கினால் பழையபடி பித்து. மூன்றாவது, பேட்டரியையே மாற்றியாயிற்று. புதுப் பேட்டரியும் கொதித்தது. எனக்குத் தெரிந்தது இம்புட்டுத்தான் என்று லட்சுமிகாந்தம் மறைக்காமல் ஒத்துக்கொண்டார்.

சீனிச்சாமி வேன் முகப்பில் எலுமிச்சம்பழம் கட்டினார். ஆமத்தூர் வளைவில் இருக்கிற கருப்பசாமிக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டார். அதை ஞானபூரணியிடம் சொல்லும்போது கொஞ்சம் கூச்சப்பட்டார். அவள் சிரிக்கவில்லை. ஒரு வாகனத்துக்காக ஜெபம் பண்ணுவது தப்போ சரியோ தெரியாமல் அவளும்தான் நாலைந்து நாளாக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் சாயங்காலம் திருத்தங்கலுக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஆள் வந்தது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற அய்யம்மாள் என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம். முந்தின நாளிலிருந்து வலி. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். வேன் போய் அவளையும் அவள் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு திரும்பியது. கூரைப் பல்பு மங்கி, மஞ்சளாக அழுதுகொண்டிருந்தது. மழை தகரத்தில் அடிக்கிற சத்தத்தில் பேச்சுக் கேட்கவில்லை. ஆமத்தூரை நெருங்கும்போது, ஆஸ்பத்திரிவரை தாங்காது என்று ஞானபூரணிக்குத் தெரிந்துவிட்டது. தலை வெளியே வந்துவிட்டது. அதற்குமேல் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அவளால் பார்க்க முடியவில்லை. எல்லாம் ஒரே நிழலாக இருந்தது.

அப்போதுதான் அந்தப் பல்பு பிரகாசிக்கத் தொடங்கியது.

முதலில் மஞ்சள் தெளிந்தது. பிறகு வெளுத்தது. வெளுத்தது நிற்கவில்லை, மேலே மேலே ஏறிக்கொண்டே போனது. வேனுக்குள் அப்படியொரு வெளிச்சத்தை அவள் கண்டதில்லை. உச்சி வெயிலில்கூட அப்படிப் பார்த்ததாக நினைவில்லை. அலமாரியில் இருந்த ஒவ்வொரு மருந்துப் புட்டியும், அய்யம்மாளின் நெற்றியில் ஒட்டியிருந்த ஒவ்வொரு முடியும், மாமியார்க்காரியின் விரல் இடுக்கில் அப்பியிருந்த மஞ்சள்தூளும் தனித்தனியாகத் தெரிந்தன. குழந்தையின் முகம் நாவல்பழமாகக் கறுத்திருந்தது. கழுத்தைச் சுற்றிக் கொடி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. எந்தச் சுற்று மேலே, எது கீழே என்பதுகூட அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பார்த்து முடிக்கவும் பட்டென்று எல்லாம் இருண்டது. முன்விளக்கும் அதோடு போயிற்று. சீனிச்சாமி பிரேக்கை அழுத்தி, ரோட்டு ஓரம் நிறுத்தினார்.

கண்ணுக்குள் அந்த வெள்ளை இன்னும் நின்றது. அந்த நிழற்படத்தை வைத்துக்கொண்டே ஞானபூரணி கையை விட்டாள். மேல் சுற்றைத் தளர்த்தித் தலைக்கு மேலே எடுத்தாள். அடுத்ததையும் எடுத்தாள். குழந்தை வழுக்கி அவள் கைக்குள் வந்தது. அழவில்லை. முதுகைத் தேய்த்தாள், கால்களைப் பிடித்துத் தொங்கவிட்டுத் தட்டினாள். மழைச் சத்தமும், அணையாமல் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் சத்தமும் மட்டும் கேட்டன. பிறகு அது அழுதது. சீனிச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு டார்ச்சைப் பின்பக்கம் நீட்டினார்.

"கருப்பன் வந்து வெளக்குக் காட்டிட்டுப் போயிருக்கான் தாயி," என்றாள் மாமியார்க்காரி. சாதாரணமாக, பக்கத்து வீட்டு ஆள் வந்துபோனதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

சிவகாசியிலிருந்து வந்த பஸ்ஸைச் சீனிச்சாமி கைகாட்டி நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். பஸ்காரர் மெதுவாக முன்னால் போக, அதன் பின்பக்கச் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே வேன் விருதுநகர் வந்து சேர்ந்தது. தாயும் பிள்ளையும் தப்பித்தார்கள்.

ஆனால் ஞானபூரணியை அந்த வெளிச்சம் விடவில்லை. அது எங்கிருந்து வந்தது? புதிதாக யாரும் எதையும் கொண்டுவந்து மாட்டவில்லை. அதே பல்பு, அதே கம்பி. அவ்வளவு வெளிச்சமும் அந்த வேனுக்குள்தான் எங்கோ இருந்திருக்கிறது. அவள் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அதே கைதானே விளக்கை அணைத்தும் விட்டது என்று மனசு ஓடியது. கண் திறந்த சக்திதான் கண்ணைக் குருடாக்கியும் போயிருக்கிறது. இதை யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலையாட்களுக்கு அம்மை ஊசி போடவேண்டும். கேட்டில் போர்மேன் சங்கரபாண்டியன் வேனை மறித்தார். மூக்கை உறிஞ்சினார். வேனின் முன்பக்கம் காதை வைத்துக் கேட்டார்.

"பேட்டரி கொதிக்குது. ஆசிட் வாடை வருது," என்றார். "இதுல இருந்து கிளம்புற ஆவி வெடிக்கிற சாமான் நர்சம்மா. நாங்க உள்ள ஆணி அடிச்ச செருப்பயே விடமாட்டோம். கோவிச்சுக்கிடாதீக, வேன் அந்த வேப்ப மரத்துக்கு அங்கனயே நிக்கட்டும்."

காதில் செருகியிருந்த பீடியைச் சீனிச்சாமி சத்தமில்லாமல் எடுத்துத் தூரப் போட்டார். சங்கரபாண்டியன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பது ஞானபூரணிக்குத் தெரியும். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தாள். சீசன் நேரம், கையில் எடுத்த வேலையைப் போட்டுவிட்டு அவ்வளவு தூரம் நடந்துவர யாருக்கு மனசு வரும்? பாதிப் பேருக்கு மேல் வரவில்லை. செய்தி ஆஸ்பத்திரிக்கு எட்டியதும், வேனை ஓரங்கட்டிவிடலாம் என்று பெரிய டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். அன்று மத்தியானம் ஞானபூரணி ஒரு காரியம் செய்தாள். சீனிச்சாமியை வேனை எடுக்கச் சொல்லி, தானே லட்சுமிகாந்தத்தின் கொட்டகைக்குப் போனாள். வெள்ளைச் சேலை கட்டிய நர்சு ஒருத்தி அந்த எண்ணெய்த் தரையில் வந்து நிற்பதைப் பார்த்துக் கோடவுன் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

நோயாளியின் கதையை டாக்டரிடம் சொல்கிற மாதிரி, ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னாள். தண்ணீர் குடித்தது, கொதித்தது, செத்துக் கிடந்தது, அந்த மழைநாள் வெளிச்சம் எல்லாவற்றையும் சொன்னாள். லட்சுமிகாந்தம் தும்ம மறந்து கேட்டார்.

"அந்தப் பல்பு உள்பக்கம் கறுத்திருந்துச்சா?"

"மை அப்புன மாதிரி."

"அப்ப வோல்ட்டு எக்கச்சக்கமா ஏறியிருக்கு. ஏறுறதுன்னா அதை அடக்குற பெட்டியிலதான் கோளாறு இருக்கணும். ஆனா நான் பாக்கும்போது பெட்டி ஒழுங்கா வேலை செய்யுதே."

இன்ஜினுக்கும் ஓட்டுகிறவருக்கும் நடுவிலுள்ள தகரச் சுவரில் திருகியிருந்த ஒரு கறுப்புப் பெட்டியை அவர் காட்டினார். கட்அவுட் என்பார்கள். டைனமோவிலிருந்து வருகிற கரண்டு அதன் வழியாகத்தான் பேட்டரிக்குப் போகவேண்டும். இன்ஜின் மூடியான பானெட்டைத் தூக்கி நிறுத்தி, பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் வாங்கிய வோல்ட் மீட்டரை மாட்டினார். சீனிச்சாமி ஆக்சிலேட்டரை மிதித்தார். முள் சரியான அளவான பதினாலைத் தொட்டு நின்றது. கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். டைனமோவைத் தட்டினார். அசையவில்லை. அரைமணி நேரம் அப்படியே போனது.

ஞானபூரணி ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வார்டிலும் இப்படிச் சில பேர் உண்டு. டாக்டர் வந்து நிற்கிற நேரம் பார்த்துக் காய்ச்சல் இறங்கியிருக்கும். டாக்டர் வாசலைத் தாண்டியதும் மறுபடி நடுக்கம் எடுக்கும். அப்படியானால் டாக்டர் வந்தால் என்ன மாறுகிறது என்று பார்க்கவேண்டும். அவள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"நீங்க பாக்கும்போதெல்லாம் இந்த மூடி தொறந்தே இருக்கு. ரோட்டுல எங்களைப் படுத்தும்போதெல்லாம் மூடியே இருக்கு."

லட்சுமிகாந்தம் குறடும் கையுமாக அவளைப் பார்த்தார். பிறகு பானெட்டைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார். சொன்னாள்.

அவர் உள்ளே போய் நீளமான இரண்டு கம்பிகளைக் கொண்டுவந்தார். இன்ஜின் பக்கம் அவற்றின் ஒரு முனையை மாட்டி, மறுமுனையைக் கதவு இடுக்கு வழியாக உள்ளே விட்டு மீட்டரில் சேர்த்து, மீட்டரை ஞானபூரணியின் மடியில் வைத்தார். முள் எங்கே நிற்கிறதோ அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வரச் சொன்னார். பானெட்டை இறக்கி மூடினார். மூவரும் முன்பக்கம் நெருக்கி உட்கார்ந்து ஆமத்தூர் ரோட்டில் கிளம்பினார்கள்.

"பதினாலு," என்றாள் ஞானபூரணி. "பதினாலு. பதினாலுதான்." கரிசல் காட்டு ரோடு, மழை அரித்துக் குண்டும் குழியுமாகக் கிடந்தது. ஒரு பள்ளத்தில் வேன் இறங்கி ஏறியது. மடியில் இருந்த முள் துள்ளியது. திரும்பி வரவில்லை.

"பதினாறு. பதினேழு. ஏறுது. அண்ணே, பதினேழுக்கு மேல போகுது." இன்ஜின் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்டது.

சீனிச்சாமி ஓரம் கட்டினார். இன்ஜினை அணைக்கவில்லை, காலை அப்படியே அழுத்தி வைத்துக்கொண்டார். லட்சுமிகாந்தம் இறங்கி பானெட்டைத் தூக்கினார். முள் சட்டென்று பதினாலுக்கு இறங்கியது. மூடிக் கையால் அமுக்கினார். ஏறியது. தூக்கினார். இறங்கியது. அவள் உள்ளிருந்து சொல்லச் சொல்ல, அவர் இரண்டு மூன்று தடவை அப்படியே செய்தார், நம்பமுடியாதவர் மாதிரி. பிறகு பானெட்டின் விளிம்பு எங்கே வந்து உட்காருகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போனார். கட்அவுட்டிலிருந்து வண்டி உடம்புக்குப் போகிற எர்த் கம்பி அந்த விளிம்புக்கு நேர் கீழே கிடந்தது. இன்ஜினை நிறுத்தச் சொல்லி அதைக் கழற்றினார். மேலே சுற்றியிருந்த நூல் உறையில் ஒரு கீறல் இல்லை. பிளேடால் உறையைப் பிளந்தார். உள்ளே செம்பு இழைகள் ஒன்று விடாமல் அறுந்திருந்தன. முனையும் முனையும் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

பெயிண்டு அடித்தபோது பெட்டியைக் கழற்றி, திரும்ப மாட்டுகையில் ஒரு சாண் மேலே மாட்டியிருக்கிறார்கள். பானெட்டை மூடுகிற ஒவ்வொரு தடவையும் அது கம்பியைக் கடித்திருக்கிறது.

சாலையோரத்திலேயே உட்கார்ந்து புதுக் கம்பியைச் சீவிக்கொண்டே லட்சுமிகாந்தம் அவளுக்கு விளக்கினார். "பெட்டிக்குள்ள ரெண்டு நாக்கு இருக்கு. ஒண்ணு டைனமோவையும் பேட்டரியையும் சேத்து வைக்கும். இன்னொண்ணு, போதும் போதும்னு டைனமோவை அடக்கும். ரெண்டுக்கும் உசிரு இந்த ஒத்தக் கம்பி. கிளம்பும்போதே இது விட்டுப்போச்சுன்னா, சேக்குற நாக்கு சேக்காது, பேட்டரி பட்டினி. ஓடிக்கிட்டு இருக்கும்போது விட்டுப்போச்சுன்னா, அடக்குற நாக்கு அடக்காது; டைனமோ அதும்பாட்டுக்குக் கொட்டும். அன்னைக்கு உங்க பல்புல வந்தது அதுதான்."

கம்பியை வேறு வழியாகச் சுற்றிக் கட்டி முறுக்கினார். பானெட்டை மூடிக்கொண்டு ஆமத்தூர்வரை போய்த் திரும்பினார்கள். முள் பதினாலை விட்டு அசையவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் ஞானபூரணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அது பாட்டுக்கு நின்றது.

கொட்டகைக்கு வந்தபோது பொழுது சாய்ந்து உள்ளே நிழல் கட்டியிருந்தது. நாக்கைப் பார்க்கிறீர்களா என்று லட்சுமிகாந்தம் கேட்டார். பானெட்டைத் தூக்கி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கறுப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றினார்.

உள்ளே கட்டைவிரல் தண்டிக்கு இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றின் தலையில் ஒரு சின்னத் தகடு. அது அசைகிறதா நிற்கிறதா என்றே முதலில் தெரியவில்லை. உற்றுப் பார்த்தபோதுதான் அது துடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. துடிப்பு என்றால் மனித நாடி மாதிரி எண்ணுகிற துடிப்பல்ல. தும்பியின் சிறகு மாதிரி ஒரு நடுக்கம். அந்தத் தகடு தொட்டுப் பிரிகிற இடத்தில், கடுகைவிடச் சின்னதாக, நீலமாக ஒரு பொறி எரிந்துகொண்டிருந்தது.

ஞானபூரணி ஒரு அடி பின்னால் போனாள். பொறி என்றால் அவளுக்குத் தெரிந்தது அவள் வார்டில் படுத்திருந்தவர்கள்தான். பிறகு குனிந்தாள். முகத்தைத் திருப்பவில்லை.

"இது எத்தனை நேரம் இப்படி எரியும்?"

"இன்ஜின் ஓடுறவரைக்கும். ஒரு செகண்டுக்கு அம்பது அறுபது தடவை தொட்டுத் தொட்டுப் பிரியும். வண்டி வேகமாப் போனா டைனமோ கூடக் குடுக்கப் பாக்கும், இது பிரிஞ்சு அடக்கும். கொறஞ்சா தொட்டு விட்டுக்குடுக்கும்."

"நாங்க சிவகாசி போய் வர்ற அம்புட்டு நேரமும்?"

"அம்புட்டு நேரமுந்தான். நீங்க போய் வந்த ரெண்டு வருசமும் இதான் வேலை பாத்துச்சு."

இரண்டு வருஷமாக அவள் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால், ஒரு தகரத்துக்கு அந்தப் பக்கம், இது இப்படித் துடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவள் ஊர் ஊராகப் போனபோதும், கண் அயர்ந்தபோதும், சங்கீதம் முணுமுணுத்தபோதும் இருந்திருக்கிறது. அது சரியாக இருந்தவரை அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. பல்பு சும்மா எரிகிறது என்றுதான் நினைத்திருந்தாள். எதுவும் சும்மா எரிவதில்லை. ஒவ்வொரு நொடியும் யாரோ போதும் என்றும் வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருப்பதால்தான் எரிகிறது. அவளுக்குக் கண் கலங்கியது. சீனிச்சாமியும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மெதுவாகத் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"அன்னைக்கு அந்த வெளிச்சம் வரலைன்னா, அந்தப் பிள்ளை..." என்று அவள் ஆரம்பித்தாள்.

லட்சுமிகாந்தம் தரையைப் பார்த்தார். "கம்பி எப்படி விட்டுச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியும்மா. அந்த நேரம் பாத்து ஏன் விட்டுச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியாது," என்றார்.

அந்தப் பதில் அவளுக்குப் போதுமாக இருந்தது. மூடியை மாட்டுவதற்கு முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அவர் ஒரு மர ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

வேனை ஓரங்கட்டும் பேச்சு அதோடு நின்றது. சங்கரபாண்டியன் வழக்கம்போலக் காதை வைத்துக் கேட்டார், முகர்ந்து பார்த்தார், கேட்டைத் திறந்துவிட்டார். விட்டுப்போனவர்களுக்கெல்லாம் ஊசி போட்டாயிற்று. அறுபத்தொன்றில் சீனிச்சாமிக்குக் கண்ணில் புரை விழுந்து ஆபரேஷனுக்காக லீவில் போனபோது, வேறு டிரைவர் கிடைக்கிறவரை என்று சொல்லி ஞானபூரணியே ஓட்டப் பழகினாள். லைசென்ஸும் வாங்கினாள். முப்பத்தேழு வயசில், வெள்ளைச் சேலையில், அந்த வேனை ஓட்டிக்கொண்டு அவள் சிவகாசிக் கடைத்தெருவுக்குள் நுழைந்த அன்று சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்றார்கள். புது டிரைவரை யாரும் தேடவில்லை. சீனிச்சாமி குணமாகித் திரும்பி வந்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கியர் மாற்றுவதில் இரண்டு குறை சொன்னார். பிறகு ஒரு நாள் அவர், ஒரு நாள் இவள் என்று ஓட்டினார்கள்.

அந்த வருஷங்களில்தான் அந்தப் பக்கத்துச் சின்ன ஊர்களுக்கெல்லாம் ஒன்றொன்றாகக் கரண்டு வந்தது. ஆமத்தூருக்கு மேற்கே ஒரு குடியிருப்பில் தெருவிளக்குப் போட்ட அன்று சாயங்காலம் வேன் அங்கே இருந்தது. ஊரே கம்பத்தடியில் கூடிவிட்டது. ஊசி போட வந்த பிள்ளைகள் பாதியில் ஓடிப்போய்விட்டன. ஞானபூரணியும் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றாள். லைன்மேன் கையை உயர்த்தினார். விளக்கு எரிந்தது. குலவை போட்டார்கள். ஒரு கிழவர் தேங்காயை உடைத்தார். எல்லோரும் விளக்கையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞானபூரணி கம்பியைப் பார்த்தாள். அது ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குத் தாவி, பருத்திக் காட்டைத் தாண்டி, தெற்கே போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற லைன்மேனிடம் இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். பாபநாசத்தில் தண்ணீர் விழுகிறது, அங்கிருந்து மலையிறங்கி வருகிறது என்றார் அவர்.

"அங்க யாரு இதைப் போதும் போதும்னு பிடிச்சுக்கிட்டு இருக்காக?"

லைன்மேனுக்குக் கேள்வி புரியவில்லை. ஆபீஸில் இன்ஜினியர்கள் இருப்பார்கள் என்றார். ஞானபூரணி தலையை ஆட்டினாள். விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. வேனுக்குத் திரும்பிப் போக மனசில்லாமல், இருட்டுக்குள் மறைகிற அந்தக் கம்பியைப் பார்த்தபடியே அவள் வெகுநேரம் நின்றாள். சீனிச்சாமி வந்து கூப்பிடவில்லை. அவரும் சற்றுத் தள்ளி அதே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.